இருமொழி அறிந்த தமிழ்த்துறவி

நுழையும்முன்

ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிவியல் தேர்வில் ஒரு மாணவர் குறைந்த மதிப்பெண் பெறுகிறார். அவருக்கு அறிவியல் தெரியவில்லையா, ஆங்கிலம் தெரியவில்லையா? தேர்வுத்தாள் இவ்வினாவிற்கு விடை சொல்வதில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினாவை உணர்ந்து, அதற்கு விடைகாண்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் சுவாமி விபுலாநந்தர். ஈழத்தில் பிறந்து, சிதம்பரத்தில் தமிழ்ப் பேராசிரியராகத் திகழ்ந்த அவ்வறிஞரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காரைதீவில் தொடக்கம்

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்குத் தெற்கே அமைந்துள்ளது காரைதீவு என்னும் சிற்றூர். வயலும் கடலும் சூழ்ந்த அவ்வூரில் 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் சாமித்தம்பி, கண்ணம்மை இணையருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோர் அதற்கு மயில்வாகனன் என்று பெயரிட்டனர். அம்மயில்வாகனனே பிற்காலத்தில் விபுலாநந்த அடிகள் என்று உலகம் போற்றிய பேரறிஞர்.

மயில்வாகனனின் முதற்கல்வி தமிழிலேயே அமைந்தது. வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழ் நூல்களையும் வடமொழியையும் இளமையிலேயே கற்றார். நூல்களை ஓதி நெஞ்சில் நிறுத்துவதும், பொருளுணர்ந்து சொல்வதும் அக்காலக் கல்விமுறை. எதுகையையும் மோனையையும் செவி அறியும். சொல்லின் பகுதியையும் விகுதியையும் அறிவு பிரித்துணரும். இவ்விரு பயிற்சியும் அவருக்குச் சிறுவயதிலேயே வாய்த்தன.

அதன்பின் கல்முனையில் மெதடிஸ்த சபையினர் நடத்திய பள்ளியிலும், மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவியர் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் அவர் ஆங்கிலக் கல்வி பெற்றார். இங்குப் பாடங்கள் யாவும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன. கணிதத்திலும் அறிவியலிலும் அவருக்கு ஆர்வம் மிகுந்தது. வீட்டிலும் தெருவிலும் தமிழ், வகுப்பறையில் ஆங்கிலம் என்னும் இருமொழிச் சூழலில் அவருடைய மாணவப் பருவம் கழிந்தது. அன்றைய ஈழத்திலும் தமிழகத்திலும் ஆங்கிலப் பள்ளி சென்ற மாணவர் அனைவரின் நிலையும் இதுவே. ஆயினும் பலருக்கு ஆங்கிலம் வளர வளரத் தமிழ் தேய்ந்தது. மயில்வாகனன் இரண்டையும் ஒருங்கே வளர்த்துக்கொண்டார்.

இரண்டு தேர்வுகள்

1908ஆம் ஆண்டு, பதினாறாம் வயதில், மயில்வாகனன் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் வெற்றி பெற்றார். இங்கிலாந்தில் வகுக்கப்பட்டுக் குடியேற்ற நாடுகளில் நடத்தப்பட்ட தேர்வு அது. வினாவும் ஆங்கிலம், விடையும் ஆங்கிலம். அத்தேர்வில் தேறியவருக்கு ஆசிரியப்பணியும் அரசுப்பணியும் உயர்கல்வியும் எட்டும் தொலைவில் இருந்தன. தேறாதவருக்கு அவற்றின் கதவுகள் பெரும்பாலும் மூடியே இருந்தன.

தேர்வில் வென்ற மயில்வாகனன் தாம் படித்த பகுதியிலேயே ஆசிரியரானார். பின்னர்க் கொழும்பு சென்று ஆங்கில ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். நகர வாழ்வும் ஆங்கிலப் படிப்பும் அவரைத் தமிழிலிருந்து பிரித்துவிடவில்லை. கொழும்பில் வாழ்ந்த தென்கோவைக் கந்தையாபிள்ளை முதலிய புலவர்களை நாடிச் சென்று பழந்தமிழ் இலக்கியங்களைப் பாடங்கேட்டார்.

1916ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியின் வழியாக அறிவியலில் டிப்ளோமாத் தகுதியைப் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கம் நடத்திய பண்டிதர் தேர்வையும் எழுதித் தேறினார். 1901ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவரால் நிறுவப்பட்ட அச்சங்கத்தின் தேர்வு, இலக்கணத்திலும் இலக்கியத்திலும் ஆழ்ந்த பயிற்சியை வேண்டுவது. ஈழத்திலிருந்து அப்பண்டிதர் பட்டத்தை முதன்முதலில் பெற்றவர் என மயில்வாகனன் போற்றப்படுகிறார்.

ஒரே ஆண்டில், ஒரே மனிதர், இரு மொழிகளில் இரு வேறு துறைகளில் தேர்வு எழுதி வென்றார். இது வெறும் நினைவாற்றலின் வெற்றி அன்று. அறிவியல் தேர்வு எழுதியவருள் பெரும்பாலோர் பண்டிதர் தேர்வைப் பொருட்படுத்தவில்லை. பண்டிதர் தேர்வு எழுதியவருள் பெரும்பாலோர்க்கு அறிவியல் கூடத்தின் வாயில் எது என்றே தெரியாது. தமிழ்ச் சமுதாயத்தின் அறிவு இவ்வாறு இரு கூறாகப் பிளவுபட்டிருந்தது. ஒரு கூற்றார்க்கு மொழி இருந்தது. புதிய பொருள் இல்லை. மற்றொரு கூற்றார்க்குப் புதிய பொருள் இருந்தது. அதனைத் தம் மக்களுக்குச் சொல்லும் மொழி இல்லை. இப்பிளவின் இரு கரைகளிலும் நின்று பார்க்கும் வாய்ப்பு மயில்வாகனனுக்குக் கிடைத்தது.

எழுதியவரே நடத்தியவரானார்

1917ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியராக அவர் பொறுப்பேற்றார். ஆசிரியப்பணி ஆற்றிக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளையர் பட்டத்தையும் பெற்றார். 1920ஆம் ஆண்டு மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமை ஆசிரியரானார்.

யாழ்ப்பாணத்தில் தமிழும் வடமொழியும் கற்போர் பலர் இருந்தனர். அவர்தம் புலமையை முறையாக அளந்து சான்றளிக்கும் அமைப்பு அங்கு இல்லை. ஆங்கிலம் கற்றவர் சான்றிதழைக் காட்டிப் பணி பெற்றனர். தமிழ் கற்றவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இக்குறையைப் போக்க 1921ஆம் ஆண்டு அறிஞர் பலர் கூடி ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தை நிறுவினர். அதனைத் தோற்றுவித்தோருள் மயில்வாகனனும் ஒருவர். பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என மூன்று படிநிலைகளில் அச்சங்கம் தேர்வுகளை நடத்தியது.

இப்படிநிலை அமைப்பு கருதத்தக்கது. மொழிப்புலமை ஒரே தாவலில் எட்டப்படுவதன்று. தொடக்கநிலையினர்க்கு ஒரு தேர்வு, இடைநிலையினர்க்கு ஒரு தேர்வு, முதிர்நிலையினர்க்கு ஒரு தேர்வு என அமைக்கும்பொழுது, தேர்வு கற்போரைத் தடுக்கும் மதிலாக இராமல் அவர் ஏறிச்செல்லும் படிக்கட்டாக மாறுகிறது.

துறவும் எழுத்துப்பணியும்

1922ஆம் ஆண்டு மயில்வாகனன் உயர்பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924ஆம் ஆண்டு துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் பெயர் பெற்றார். மடத்தின் தமிழ் இதழாகிய இராமகிருஷ்ண விஜயத்திற்கும், ஆங்கில இதழாகிய வேதாந்த கேசரிக்கும் ஆசிரியப்பணி ஆற்றினார். இரு மொழிகளிலும் பிழையற எழுதும் ஆற்றல் உடையவரே இப்பணிக்குத் தகுதியுடையவர்.

1926ஆம் ஆண்டு அவருடைய மதங்க சூளாமணி என்னும் நாடக இயல் நூலை மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. சிலப்பதிகாரத்தில் காணப்படும் நாடகச் செய்திகளையும், வடமொழியின் தசரூபகம் கூறும் நாடக இலக்கணத்தையும், ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் ஒருசேர ஆராயும் நூல் அது. ஷேக்ஸ்பியரின் பெயரைத் தமிழ் ஓசைக்கு இயையச் செகசிற்பியார் என்று அவர் வழங்கினார். தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் அந்நூலின் வழியாக ஆங்கில நாடகத்தின் அமைப்பை அறிந்துகொள்ள முடிந்தது. ஆங்கிலக் கவிஞர்களைத் தமிழர்க்கு அறிமுகம் செய்யும் ஆங்கிலவாணி என்னும் கட்டுரையையும் அவர் பின்னாளில் எழுதினார். தாம் பெற்ற இரண்டாம் மொழி அறிவைப் பிறரினும் உயர்ந்து நிற்பதற்கான மேடையாக அவர் கொள்ளவில்லை. பிறரும் கடந்து செல்லும் பாலமாகவே அமைத்தார்.

துறவியான பின்னும் அவர் கல்விப்பணியை விடவில்லை. ஈழத்திற்குத் திரும்பி இராமகிருஷ்ண சங்கத்தின் பள்ளிகளைப் பேணி வளர்த்தார். 1929ஆம் ஆண்டு மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஆங்கிலக் கல்வியும் தம் பண்பாட்டுக் கல்வியும் ஒருங்கே மாணவர்க்குக் கிடைக்க வேண்டும் என்பது அப்பள்ளியின் நோக்கம். ஆங்கிலத்தை வெறுப்பது அவர் கொள்கையன்று என்பதற்கு இப்பள்ளியே சான்று.

கடலூரும் சிதம்பரமும்

அடிகளாரின் வாழ்வு அடுத்துச் சிதம்பரத்தை நோக்கித் திரும்புகிறது. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் சிதம்பரம் அடங்கியிருந்தது. மொழிக்கும் ஆட்சிக்கும் உள்ள உறவை உணர்த்தும் வரலாறு இப்பகுதிக்கு உண்டு.

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டை, 18ஆம் நூற்றாண்டின் இடையில் சில ஆண்டுகள் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக விளங்கியது. வணிகம் செய்ய வந்தவர்கள் ஆட்சி செய்யத் தொடங்கியபொழுது, மக்களின் மொழி தெரியாமல் வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் இயலாது என்பதை உணர்ந்தனர். 1812ஆம் ஆண்டு சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. அதனை உருவாக்கியதில் பெரும்பங்கு ஆற்றியவர், திருக்குறளைப் போற்றிய எல்லிஸ். இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அலுவலர்கள் அங்குத் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்றுத் தேர்வெழுதினர். அன்று தமிழை இரண்டாம் மொழியாகக் கற்றுத் தேர்வெழுதியவர்கள் ஆங்கிலேயர்களே.

ஆட்சி நிலைபெற்ற பின் நிலைமை தலைகீழாயிற்று. 1835ஆம் ஆண்டு மெக்காலேயின் கல்விக் குறிப்பைத் தொடர்ந்து ஆங்கிலம் உயர்கல்வியின் மொழியாயிற்று. 1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் நுழைவுத்தேர்வு ஆங்கிலப் புலமையை வேண்டியது. இப்பொழுது தேர்வு எழுத வேண்டியவர்கள் தமிழர்கள். எந்த மொழியில் யார் தேர்வெழுத வேண்டும் என்பதை அறிவு முடிவு செய்யவில்லை; அதிகாரம் முடிவு செய்தது.

இச்சூழலில் தாய்மொழிக் கல்வியைக் காக்க முன்வந்தவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பெர்சிவல் பாதிரியாரின் ஆங்கிலப் பள்ளியில் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, இருமொழியும் அறிந்த அவர், 1864ஆம் ஆண்டு சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மாணவரின் நிலைக்கேற்பப் படிப்படியாக அமைந்த பாலபாடங்களை எளிய உரைநடையில் எழுதியவரும் அவரே. அவருக்குப்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, ஈழத்திலிருந்து மற்றொரு தமிழறிஞர் அதே சிதம்பரத்திற்குக் கல்விப்பணி ஆற்ற வந்தார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்

1920ஆம் ஆண்டு அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பின்னர்த் தமிழுக்கென மீனாட்சி தமிழ்க் கல்லூரியும் தோன்றியது. 1924 முதல் 1927 வரை அதன் முதல்வராக இருந்தவர் உ.வே.சாமிநாதையர். இக்கல்லூரிகள் ஒன்றிணைந்து 1929ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயின. தமிழுக்குத் தனியே ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியபொழுது, அதற்குத் தகுதியானவர் யார் என்ற வினா எழுந்தது. தமிழ்ப் புலமையோடு ஆங்கிலப் புலமையும் தற்கால ஆய்வுமுறையும் அறிந்தவர் ஒருவர் வேண்டியிருந்தது. 1931ஆம் ஆண்டு அப்பதவியை விபுலாநந்த அடிகள் ஏற்றார். அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவரே.

அன்றைய உயர்கல்வியில் இருவகை மாணவர் இருந்தனர். வித்துவான் பட்டத்திற்குப் படித்தோர் இலக்கண இலக்கியங்களைத் தமிழிலேயே பயின்றனர். கலை, அறிவியல் பட்டங்களுக்குப் படித்தோர் எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் பயின்றனர். மயில்வாகனனாக இருந்தபொழுது அவர் கண்ட பிளவு, இங்கும் ஒரே வளாகத்திற்குள் இரு வகுப்பறைகளாக நின்றது. தொல்காப்பியத்தையும் சிலப்பதிகாரத்தையும் கற்பித்த அதே பேராசிரியர், அறிவியல் பட்டதாரியாகவும் ஆங்கிலத்தில் எழுதும் எழுத்தாளராகவும் இருந்தது இரு சாரார்க்கும் புதுமையாயிற்று. தமிழைத் தேர்ந்தெடுப்பவர் அறிவியலைக் கைவிட வேண்டியதில்லை என்பதை அவருடைய வாழ்வே காட்டியது.

அவரிடம் பயின்றோருள் க.வெள்ளைவாரணனார் குறிப்பிடத்தக்கவர். பிற்காலத்தில் அவர் சிறந்த ஆராய்ச்சியாளராக விளங்கி, அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் உயர்ந்தார். அடிகளாரின் இசையாராய்ச்சிக்கும் அவர் துணைநின்றார்.

பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள சிற்றூர் திருவேட்களம். தேவாரப் பாடல்பெற்ற தலமாகிய அவ்வூரில், ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த குடியிருப்புக்கு அடிகளார் நேரில் சென்று எழுத்தறிவித்தார். பேராசிரியர் பதவியில் இருந்த ஒருவர் அக்குடியிருப்புக்குள் கால் வைப்பதே அரிதாயிருந்த காலம் அது. அம்மக்களுக்கு எந்தத் தேர்வின் வாயிலும் திறந்திருக்கவில்லை. ஆங்கிலத் தேர்வு மட்டுமன்று, தம் தாய்மொழியின் எழுத்தே அவர்களுக்கு எட்டாததாய் இருந்தது. பல்கலைக்கழகத்தில் பயிற்றுமொழி பற்றி அறிஞர் விவாதித்துக்கொண்டிருந்தபொழுது, எழுத்தே அறியாத குழந்தைகள் சில கூப்பிடு தொலைவில் இருந்தனர். எந்த மொழியில் கற்பிப்பது என்னும் வினாவிற்கு முன், யாருக்குக் கற்பிப்பது என்னும் வினா இருப்பதை அடிகளார் மறக்கவில்லை.

1933ஆம் ஆண்டு அவர் அப்பதவியிலிருந்து விலகி ஈழப் பணிகளுக்குத் திரும்பினார். அவரைத் தொடர்ந்து நாவலர் சோமசுந்தர பாரதியார் அப்பொறுப்பை ஏற்றார்.

சொற்களைப் படைத்த பணி

தாய்மொழியில் அறிவியலைக் கற்பிக்க வேண்டும் என்று பலர் பேசினர். ஆனால் வேதியியல் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் நின்று தமிழில் பாடம் நடத்தத் தொடங்கினால், முதல் தொடரிலேயே சொல்லுக்குத் தடுமாறும் நிலை அன்று இருந்தது. ஓர் ஊரில் ஓர் ஆசிரியர் ஒரு சொல்லை ஆக்குவார்; மற்றோர் ஊரில் மற்றொருவர் வேறு சொல்லை ஆக்குவார். இருவரிடமும் படித்த மாணவர்கள் ஒரே பொதுத்தேர்வை எழுதும்பொழுது யாருடைய சொல் செல்லுபடியாகும்? சொல் ஒழுங்குபட்டால்தான் பாடநூல் எழுதலாம். பாடநூல் இருந்தால்தான் தாய்மொழியில் தேர்வு நடத்தலாம்.

இப்பணியைச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் மேற்கொண்டது. 1936ஆம் ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு விபுலாநந்த அடிகள் தலைமை ஏற்றார். ஒவ்வொரு துறைக்கும் அறிஞர் குழுக்கள் அமைந்தன. ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுத்துப்பெயர்ப்பதா, வடசொல்லைக் கொள்வதா, தமிழ் வேரிலிருந்து புதுச்சொல் ஆக்குவதா என்னும் வினாக்கள் எழுந்தன. மொழி அறிந்தவர் மட்டும் கூடினால் பொருள் பிழைபடும். துறை அறிந்தவர் மட்டும் கூடினால் சொல் பிழைபடும். இரண்டும் அறிந்தவர் நடுவில் இருந்து வழிநடத்த வேண்டிய பணி அது. அறிவியல் பட்டமும் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்ற அடிகளார் அதற்கு இயல்பாகப் பொருந்தினார். 1916ஆம் ஆண்டு எழுதிய இரு தேர்வுகளும் இருபது ஆண்டுகள் கழித்து இப்பணியில் ஒன்றாகக் கூடின.

கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் முதலிய துறைகளுக்குரிய ஏறத்தாழப் பத்தாயிரம் சொற்களைக் கொண்ட கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938ஆம் ஆண்டு வெளிவந்தது. இன்று தமிழ்வழியில் அறிவியல் பயிலும் மாணவர் கையாளும் சொல்வளத்திற்கு அத்தகைய முயற்சிகளே அடித்தளம் இட்டன.

யாழ்நூல்: இரு புலமையின் கனி

அடிகளாரின் பணிகளுள் தலைசிறந்தது யாழ்நூல். பழந்தமிழரின் இசைக்கருவியாகிய யாழ் காலப்போக்கில் வழக்கொழிந்தது. அதன் வடிவமும் நரம்புகளின் எண்ணிக்கையும் இசை அமைப்பும் பாடல்களிலும் உரைகளிலும் குறிப்புகளாக மட்டுமே எஞ்சின. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் அடிப்படையாகக் கொண்டு அடிகளார் அவ்வாராய்ச்சியில் இறங்கினார்.

இலக்கணப் பயிற்சி மட்டும் உடையவர்க்கு அக்குறிப்புகள் விளங்காச் சொற்களாகவே நின்றிருக்கும். இயற்பியல் மட்டும் அறிந்தவர்க்கு அக்குறிப்புகள் கண்ணில் பட்டே இரா. அதிர்வெண்களின் விகிதத்தைக் கணக்கிடும் முறையை ஆங்கில வழியில் கற்றவர், பாலையும் பண்ணும் பற்றிய தமிழ்ச் சொற்களுக்கு அக்கணக்கைப் பொருத்திப் பார்த்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் முதலியவற்றின் வடிவங்கள் மீண்டும் புலனாயின.

இடையில் 1939 முதல் இரண்டு ஆண்டுகள் இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதியில் தங்கி, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழுக்கு ஆசிரியராக இருந்தார். 1943ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இப்பணிகளுக்கு இடையிலும் யாழ் ஆராய்ச்சி தொடர்ந்தது. 1947ஆம் ஆண்டு சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. நோயுற்றிருந்த அடிகளார் அவ்விழாவைக் கண்டு மகிழ்ந்தார். அடுத்த திங்கள், சூலை 19ஆம் நாள், அவர் இயற்கை எய்தினார். கல்லடி உப்போடையில், தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

தெரிந்து தெளிவோம்

ஒருவர் புதிய மொழியை எவ்வளவு எளிதாகக் கற்பார் என்பதை முன்கூட்டியே அறிய உதவும் தேர்வு, மொழி உளச்சார்புத் தேர்வு எனப்படும். 1959ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர்களாகிய ஜான் காரல், ஸ்டான்லி சாப்பான் ஆகியோர் உருவாக்கிய தேர்வு இவற்றுள் புகழ்பெற்றது. காரல் மொழி கற்கும் ஆற்றலில் நான்கு கூறுகளைக் கண்டார்.
1. புதிய ஒலிகளைப் பிரித்துணர்ந்து நினைவில் நிறுத்துதல்.
2. தொடரில் ஒரு சொல் ஆற்றும் இலக்கணப் பணியை உணர்தல்.
3. எடுத்துக்காட்டுகளிலிருந்து விதியைத் தாமே கண்டறிதல்.
4. சொல்லையும் பொருளையும் இணைத்து நினைவில் கொள்ளுதல்.

மொழியியல் காட்டும் உண்மை

அடிகளார் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து உருவான இத்தேர்வின் நோக்கில் அவருடைய இளமைக் கல்வியை எண்ணிப் பார்க்கலாம். ஓதியும் கேட்டும் செவியைப் பழக்குவது, சொல்லைப் பகுத்து அதன் பணியை அறிவது, நூற்பாவையும் பொருளையும் நெஞ்சில் நிறுத்துவது ஆகியவை காரைதீவில் அவர் பெற்ற பயிற்சிகள். காரல் கூறிய ஆற்றல்களுக்கும் இவற்றிற்கும் உள்ள ஒப்புமை எளிதில் புலப்படும்.

உளச்சார்பு குறைந்தவர் மொழி கற்க இயலாதவர் என்று காரல் கூறவில்லை. ஒருவர் ஒன்றைக் கற்றுத் தேர எவ்வளவு காலம் தேவைப்படுகிறதோ அதுவே அவருடைய உளச்சார்பின் அளவு என்று 1963ஆம் ஆண்டு அவர் விளக்கினார். சிலருக்குக் குறைந்த காலம் போதும்; சிலருக்கு மிகுந்த காலம் வேண்டும். கற்பிப்போரின் திறனும் கற்போரின் விடாமுயற்சியும் வாய்ப்பும் முடிவைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு கொள்கின்றன. ஆதலின் ஒரு நாளில் எழுதும் ஒரு தேர்வைக்கொண்டு ஒருவரைத் தகுதியற்றவர் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

இருமொழிக் கல்வியை ஆராய்ந்த கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ், ஒரு மொழியில் வளர்ந்த சிந்தனைத்திறன் மற்றொரு மொழியைக் கற்கவும் துணைசெய்யும் என்று 1979ஆம் ஆண்டு விளக்கினார். தாய்மொழியில் வாதிடவும் தொகுக்கவும் ஒப்பிடவும் பழகிய மாணவர், அத்திறன்களை இரண்டாம் மொழியில் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. அவற்றுக்குரிய சொற்களைக் கற்றால் போதும். இரண்டாம் மொழியைப் பெறுவதற்குத் தாய்மொழியை இழக்க வேண்டும் என்னும் எண்ணம் இதனால் வலுவிழக்கிறது.

விபுலாநந்தர் இவ்வாய்வுகளைக் கண்டதில்லை. எனினும் அவருடைய வாழ்வு இவ்வுண்மைகளின் வழியே நடந்தது. தமிழில் வேரூன்றி ஆங்கிலத்தில் கிளைபரப்பினார். ஆங்கிலத்தில் பெற்ற கனியைத் தமிழ் நிலத்திலேயே விதைத்தார். ஆங்கிலம் அறியாத காரணத்தால் ஒரு மாணவர் அறிவியலை இழக்கக் கூடாது என்பதற்காகக் கலைச்சொற்களை ஆக்கினார். தமிழ் படித்த காரணத்தால் ஒருவர் மதிப்பை இழக்கக் கூடாது என்பதற்காகத் தமிழ்த் தேர்வுகளை அமைத்தார். எந்தத் தேர்வுக்கும் வரமுடியாதவர்களைத் தேடித் திருவேட்களத்திற்கு நடந்து சென்றார்.

இன்று மேனிலை வகுப்பில் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அடிகளார் நின்ற அதே இரு கரைகளுக்கு நடுவில் நிற்கின்றனர். ஒரு கரையை விட்டு மறுகரைக்கு ஓடுவதா, இரண்டையும் இணைப்பதா என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் அறிவியல் பாடநூலிலிருந்து பத்துக் கலைச்சொற்களைத் தேர்ந்து, அவற்றின் பகுதி, பொருள், ஆங்கில இணை ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.
2. ஒரே அறிவியல் கருத்தைத் தமிழில் ஒருவரும் ஆங்கிலத்தில் ஒருவரும் வகுப்பில் விளக்குக. கேட்டவர்கள் எவ்விளக்கத்தில் எதனை எளிதில் புரிந்துகொண்டனர் என்பதைக் கலந்துரையாடுக.

குறுவினா

1. 1916ஆம் ஆண்டு விபுலாநந்தரின் வாழ்வில் பெறும் சிறப்பு யாது?
2. படிநிலைத் தேர்வுகளால் மொழி கற்போர் பெறும் பயன் என்ன?

சிறுவினா

1. கலைச்சொல்லாக்கப் பணிக்கு இருமொழிப் புலமை இன்றியமையாதது என்பதை விளக்குக.
2. மொழி உளச்சார்பு பற்றிய காரலின் கருத்தை அடிகளாரின் இளமைக் கல்வியோடு ஒப்பிடுக.

நெடுவினா

சிதம்பரத்தில் விபுலாநந்தர் ஆற்றிய பணிகளின்வழி, தேர்வு, மொழி, கல்வி வாய்ப்பு ஆகியவற்றுக்கு இடையே உள்ள தொடர்பைக் கட்டுரையாக்குக.